கேட்காத கை, எழுதும் கை

ஜன்னலை அடைத்துவிட்டிருந்தார்கள். அதன் கம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைத்தான் நான் முதலில் பார்த்தேன். 31 வருஷம் பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் நின்றவளின் கண் அப்படித்தான் போகும். பிறந்து சில நாளே ஆன குழந்தை அதில் நுழையும், ஒரு வயதுப் பிள்ளை நுழையாது. கண்ணாலேயே அளந்து சொன்னேன். கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிய மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சரியாச் சொல்லிட்டம்மா. வளர்ந்த பிள்ளைகளையும் கொண்டுவந்து விட ஆரம்பிச்சதால, பச்சைக் குழந்தை மட்டும் நுழையற மாதிரி கம்பி வெச்சாங்களாம்."

"அப்ப கம்பிதான் கேள்வி கேட்டிருக்கு கண்ணு. உள்ள இருந்த ஆளு யாரும் கேக்கல."

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் சாந்திசிமா அனுன்சியாத்தா என்ற சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட தாழ்வாரம். படியேறினால் ஒன்பது வளைவுகள், மெல்லிய சாம்பல் நிறக் கல்தூண்கள். அந்தத் தாழ்வாரத்தின் கோடியில்தான் அந்த ஜன்னல். ஒஸ்பெதாலே தெலி இன்னொசெந்தி என்பது கட்டடத்தின் பெயர். மாசில்லாக் குழந்தைகளின் இல்லம் என்று சொல்லலாம். பெற்றவர்களால் வளர்க்க முடியாத, அல்லது வளர்க்க விரும்பாத குழந்தைகளை ஏற்றுக்கொள்வதற்கென்றே கட்டியது. கட்டத் தொடங்கிய ஆண்டு 1419.

மகள் போலோஞாவில் ஆராய்ச்சி செய்கிறாள். வேகமான ரயிலில் ஃப்ளோரன்ஸ் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஓய்வு பெற்ற அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மைக்கேலாஞ்சலோவின் தாவீதைப் பார்க்க வரிசையில் நிற்கலாம் என்றாள். நான்தான் இங்கே வந்தாக வேண்டும் என்றேன். காரணத்தை அவளிடம் அப்போது சொல்லவில்லை.

நான் சேலத்துக்காரி. 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடும் கொடுமை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இருந்தது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, யார் என்று கேட்க மாட்டோம் என்றது அரசு. அந்தத் தொட்டில் ஒன்றின் பக்கத்தில் சில வருஷம் இரவுப் பணி பார்த்தவள் நான். ஆகவே இந்த ஜன்னலின் உள்பக்கம் எனக்குத் தெரியும். வெளிப்பக்கம்தான் தெரியாது.

அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. அருள் என்பது கேள்வி கேட்கலாமா? நீ யார், எந்த ஊர், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது அருள் ஆகுமா? கேட்காமல் வாங்கிக்கொண்டால், அந்தக் குழந்தைக்கு நாளை யார் பதில் சொல்வது?

இந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் துறவிகளாகவோ அரசர்களாகவோ இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டு வியாபாரிகள் என்று மகள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தார். பட்டு முதலாளி ஒருவர் ஒரு அனாதைக் குழந்தையைத் தூக்குவார் என்று எங்கள் தெருவில் யாரும் கற்பனை செய்திருக்க மாட்டோம். ஃப்ளோரன்ஸில் பட்டு வணிகர்களின் சங்கம் ஒட்டுமொத்தமாகத் தூக்கியது.

முதல் பணம் ஃப்ளோரன்ஸ் ஆளுடையதும் அல்ல. பக்கத்து ஊரான பிராத்தோவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தத்தீனி என்ற வணிகர் 1410இல் இறந்தபோது இப்படியோர் இல்லத்துக்காக 1000 பொற்காசுகள், ஃப்ளோரின்கள், எழுதிவைத்துவிட்டுப் போனார். கணக்குப் புத்தகத்தின் தலையில் கடவுள் பெயரையும் லாபத்தையும் சேர்த்தே எழுதிய மனிதர் அவர். நம் மளிகைக் கடைக்காரர் பிள்ளையார் சுழியும் 'லாபம்' என்ற சொல்லும் எழுதிவிட்டுப் பற்று வரவு தொடங்குவது போல. மனைவி மூலம் அவருக்குப் பிள்ளை இல்லை. வீட்டு அடிமைப் பெண் ஒருத்தியிடம் பிறந்த மகளைத் தன் வீட்டிலேயே வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தார். பெயர் சொல்ல முடியாத குழந்தைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது அந்த 1000 பொற்காசுக்குத் தெரிந்தே இருந்தது. இல்லம் திறந்த காலத்தில் வந்து சேர்ந்தவர்களில் அடிமைப் பெண்களுக்கும் வேலைக்காரிகளுக்கும் பிறந்தவர்கள் ஏராளம். ஆணைவிடப் பெண் குழந்தைகள் அதிகம். இந்த ஒற்றுமையைச் சேலத்துக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கட்டடத்தை வரைந்தவர் பிலிப்போ புருனலெஸ்கி. ஊரின் பேராலயத்துக்கு மேல் அந்தப் பெரிய குவிமாடத்தை ஏற்றியவரும் அவர்தான். அவர் ஒரு தட்டார். அங்கே பொற்கொல்லர்கள் பட்டு வணிகர் சங்கத்தில்தான் உறுப்பினர்கள். ஆக, தங்கள் ஆளிடமே வேலையைக் கொடுத்தார்கள். தாழ்வாரத்தில் தூணின் உயரம், தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி, தாழ்வாரத்தின் அகலம் மூன்றும் ஒரே அளவு. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கனசதுரம் நிற்கிறது. அதற்குள் நின்றால் மூச்சு தானாகச் சீராகிறது. அவர்கள் அளந்த அலகுக்கு பிராச்சோ என்று பெயர். சுமார் 58 சென்டிமீட்டர். நம் முழம் மாதிரி. பிராச்சோ என்றால் கை.

அந்த அழகுதான் என்னை முதலில் தொந்தரவு செய்தது. கைவிடப்பட்ட குழந்தைக்குப் பாலும் துணியும் போதாதா? இத்தனை நேர்த்தியான தூண் எதற்கு? நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட் உபயம் செய்தவர் பெயரைக் குழாய் மீதே எழுதி, வெளிச்சத்தில் பாதியை அந்தப் பெயரே மறைத்துவிடும். இந்த வணிகர்களும் தங்கள் சங்கத்தின் சின்னத்தைப் பொறித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று நர்ஸிங் பள்ளியில் எங்கள் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஏசுவின் போதனை இவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனால் வளைவுகளுக்கு மேலே பாருங்கள். ஒவ்வொரு இரண்டு வளைவுக்கும் நடுவில் நீல வட்டம், அதில் வெள்ளையாக ஒரு குழந்தை. சுட்ட களிமண்ணில் பளபளப்பேற்றி ஆந்த்ரேயா தெல்லா ராபியா 1487இல் செய்து பொருத்தியவை. புருனலெஸ்கி அந்த வட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டுப் போயிருந்தார். குழந்தைகளின் இடுப்புக்குக் கீழே துணி இறுகச் சுற்றியிருக்கிறது. மேலே வெற்று மார்பு, இரண்டு பக்கமும் விரித்த கைகள். எல்லாம் ஒரே அச்சு என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒருத்தி தலையைச் சாய்த்திருப்பதும், ஒருவன் உடம்பில் சுற்றிய துணி அவிழ்ந்து தொங்குவதும் தெரியும். வார்டில் வரிசையாகப் படுத்திருக்கும் குழந்தைகளும் வெளியாளுக்கு அப்படித்தான், எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். எங்களுக்கு மட்டும்தான் 4ஆம் தொட்டிலுக்கும் 5ஆம் தொட்டிலுக்கும் வித்தியாசம் தெரியும். ஆந்த்ரேயா எங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அங்கே நின்றபோதுதான் வள்ளுவர் ஞாபகத்துக்கு வந்தார். அன்பு பெற்ற குழந்தைதான் அருள், அதை வளர்க்கும் செவிலி பொருள் என்று அவர் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. அதை அவர் ஈகையிலோ அருளுடைமையிலோ சொல்லவில்லை, பொருள் செயல்வகையில் வைத்தார். காசு சம்பாதிப்பதைப் பற்றிய அதிகாரத்தின் நடுவில் ஒரு பச்சைக் குழந்தையையும் ஒரு வளர்ப்புத் தாயையும் கொண்டுவந்து உட்காரவைத்தார். அருள் தன்னந்தனியாக வளராது, அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும் என்பது எத்தனை பெரிய நடைமுறை ஞானம் என்று செவிலி வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குப் புரிகிறது. பிராத்தோ வணிகரும் பட்டுச் சங்கமும் குறளைக் கேட்டதில்லை. அதைச் செங்கல்லில் கட்டிவிட்டார்கள்.

உள்ளே போனோம். கீழ்த்தளத்தில் இல்லத்தின் வரலாறு, தரைத்தளத்தில் கட்டடத்தின் கதை, மேலே ஓவியங்கள் என்று அருங்காட்சியகத்தை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். பல வருஷ வேலைக்குப் பிறகு 2016இல் இப்படித் திறந்தது. மறுவடிவமைப்பைச் செய்தவர்கள் இப்போஸ்டுடியோ என்ற அதே ஊர் நிறுவனம். புருனலெஸ்கியின் தாழ்வாரத்தில் கை வைக்க யாருக்கும் பயம் வரும். இவர்கள் பழையதைப் போல நடிக்கும் எதையும் செய்யவில்லை. பொன்னிறமாக மினுங்கும் புதிய உலோகக் கதவுகளை வைத்தார்கள். சக்கர நாற்காலியும் போக மின்தூக்கியும், ஏறி இறங்கத் தோதான படிகளும் போட்டார்கள். இது 15ஆம் நூற்றாண்டு, இது நேற்று என்று குழந்தைக்கும் தெரியும்.

பழைய காலத்தில் இந்த நேர்மை இருக்கவில்லை போலிருக்கிறது. புருனலெஸ்கி வேறு வேலைகளில் இருந்தபோது பிரான்செஸ்கோ தெல்லா லூனா என்பவர் இந்தப் பணியைப் பார்த்துக்கொண்டார். தூண்களுக்கு மேல் படுக்கையாக ஓட வேண்டிய கல்பட்டையை ஒரு முனையில் அவர் கீழ்நோக்கி மடித்து இறக்கிவிட்டார். புருனலெஸ்கி வந்து பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். ஊரின் பழம்பெரும் ஞானஸ்நானக் கோயிலில் இப்படித்தான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் செய்தேன் என்றாராம் லூனா. அந்தக் கோயிலில் இருப்பதே ஒரே ஒரு பிழை, அதைத் தேடிப் பிடித்தா காப்பியடித்தாய் என்று கேட்டாராம் புருனலெஸ்கி. அவர் வாழ்க்கையை எழுதிய மனெத்தி சொல்லும் கதை இது. மகள் சொல்லச் சொல்ல வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் அந்தக் கதை என் மேலேயே திரும்பும் என்று எனக்கு அப்போது தெரியாது.

கீழ்த்தளத்தில் வெளிச்சம் குறைவு. இல்லம் 1445 ஜனவரியில் திறந்தது. முதல் குழந்தை பிப்ரவரி 5ஆம் தேதி வந்தாள். புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். அந்தக் காலத்தில் ஜன்னல் கிடையாது. தாழ்வாரத்தில் ஒரு கல்தொட்டி, அதன் பக்கத்தில் மாதாவும் சூசையப்பரும் சிலைகளாக. கொண்டுவருகிறவள் குழந்தையை அவர்கள் நடுவில் கிடத்த வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலில் எல்லாச் சிலையையும் வைத்துவிட்டுப் பாலனை மட்டும் நள்ளிரவில் வைப்பார்களே, அதேபோல. எவள் பெற்ற எந்தக் குழந்தை வந்தாலும் அந்தக் குடில் அப்போதுதான் முழுமையாகிறது. இதைவிடச் சுருக்கமாக ஒரு மதம் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தக் கை கேட்கவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே இன்னொரு கை எழுதத் தொடங்கியது. குழந்தை வந்த நாள், நேரம், உடுத்தியிருந்த துணி, கூட இருந்த பொருள், எந்தப் பால்தாயிடம் போனது, அவளுக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் பதிவேட்டில் ஏறியது. 'பால்தாய்களும் குழந்தைகளும்' என்றே அந்தப் பதிவேட்டு வரிசைக்குப் பெயர். 1445இலிருந்து இருக்கிறது. பட்டு வாங்கி விற்பவனுக்கு எழுதாமல் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தை அவன் அருளுக்குள்ளும் கொண்டுவந்தான். தர்மத்துக்குக் கணக்குப் பார்க்காதே என்றுதானே நாம் சொல்கிறோம்? இந்த இல்லத்தில் கணக்குப் பார்த்ததால்தான் ஆகத்தாவுக்கு இன்றுவரை ஒரு பிறந்த கதை இருக்கிறது.

ஒரு சுவரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுசிறு இழுப்பறைகள். பழைய நாட்டு மருந்துக் கடை போல. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். பார்வையாளர்தான் கையால் இழுத்துத் திறக்க வேண்டும். மகள் ஒன்றைத் திறந்தாள். பாதியாக வெட்டிய ஒரு மாதா பதக்கம். மறுபாதி பெற்றவளிடம் இருக்கும். என்றைக்காவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையை ஒப்படைப்பார்கள். வங்கிச் சலானின் அடிக்கட்டை மாதிரி என்று எனக்குத் தோன்றியது. வந்தவர்கள் உண்டு. வராதவர்கள்தான் அதிகம். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்ட குழந்தைகளும் ஏராளம். பாதிப் பேருக்கு மேல் செத்துப்போன காலங்களும் இந்த இல்லத்துக்கு உண்டு.

நான் அடுத்த இழுப்பறையில் கை வைத்தேன். திறக்கவில்லை. கை நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

அந்தச் சொல்தான். 'ஏதுமில்லை' என்று நான் எழுதிய ஓர் இரவு.

1994, மார்கழி. மணி இரண்டேகால் இருக்கும். மணியடித்தது, போய்ப் பார்த்தபோது யாரும் இல்லை. ஒரு பழைய வாயில் புடவைத் துண்டில் பெண் குழந்தை. எடை 1.9 கிலோ. தொப்புள்கொடி காய்ந்து விழுந்திருந்தது. அப்படியென்றால் ஒரு வாரமாவது யாரோ வைத்திருந்து பார்த்திருக்கிறார்கள். இடது கையில் வசம்பு வளையல். கறுப்பு நூலில் வசம்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டியது. எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு அண்டக்கூடாது, வயிறு உப்பக்கூடாது என்று கட்டுவார்கள். விட்டுவிடப்போகிற பிள்ளைக்கு யாராவது வசம்பு கட்டுவார்களா? கட்டியிருந்தாள்.

நான் கத்தரிக்கோலால் அதை வெட்டிப் புடவைத் துண்டோடு சேர்த்துக் குப்பைப் பையில் போட்டேன். நோய்த்தொற்று விதி அப்படி. அது தப்பில்லை. பிறகு பதிவேட்டைத் திறந்தேன். 'குழந்தையுடன் இருந்த பொருள்கள்' என்று ஒரு கட்டம். மேலே இருந்த வரியில் 'ஏதுமில்லை'. அதற்கு மேலேயும் 'ஏதுமில்லை'. நானும் 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருந்த ஒரே பிழையைத் தேடிப் பிடித்துக் காப்பியடித்தேன்.

யாரும் கேட்கவில்லை. குழந்தை இரண்டு மாதத்தில் தேறி, முறைப்படி வேறிடம் போனாள். எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவள் இன்று எங்கேயோ முப்பது தாண்டிய பெண். என்றைக்காவது தன் கோப்பைக் கேட்டு வாங்கினால், அவளை விட்டவள் அவளுக்கு ஒன்றுமே வைக்கவில்லை என்று அதில் இருக்கும். அது பொய். அந்தப் பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.

மகளிடம் அங்கேயே, அந்த அரையிருட்டில் சொன்னேன். 30 வருஷமாக அவள் அப்பாவிடம்கூடச் சொல்லாதது. அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாக மேல்தளத்துக்குக் கூட்டிப்போனாள்.

மேலே ஒரு பெரிய பலிபீட ஓவியம். தொமெனிகோ கிர்லாந்தாயோ 1488இல் முடித்தது. மூன்று ராஜாக்கள் பாலன் ஏசுவைக் கும்பிடுகிறார்கள். இந்த இல்லத்துக் கோயிலில்தான் இருந்ததாம். 1485இல் போட்ட ஒப்பந்தத்தில் நீல நிறம் அவுன்ஸுக்கு நாலு ஃப்ளோரின் மதிப்புள்ள உயர்ந்த நீலமாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். மொத்த விலை 115 ஃப்ளோரின். அந்த நீலத்தைக் கரைத்தால் எத்தனை பால்தாய்களுக்குச் சம்பளம் ஆகும் என்று என் மனசு கூட்டத் தொடங்கியது. ஏழை வீட்டில் தங்க வளையல் பார்த்த எரிச்சல்.

பிறகு கீழே பார்த்தேன். ராஜாக்களோடு முன்வரிசையில் இரண்டு சின்னப் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். மெல்லிய வெள்ளைத் துணி, தலையைச் சுற்றி ஒளிவட்டம், உடம்பில் வெட்டுக்காயம். பின்னணியில் ஏரோது மன்னனின் படைவீரர்கள் தாய்மாரிடமிருந்து குழந்தைகளைப் பிடுங்கிக் கொல்கிறார்கள். அந்த மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் டிசம்பர் 28. இந்த இல்லத்துக்குப் பெயரே அவர்களால் வந்தது. அந்தப் பிள்ளைகள் ஏசுவை அறிந்ததில்லை, எதையும் நம்பியதில்லை, சாவைத் தேர்ந்தெடுத்ததும் இல்லை. ஆனாலும் திருச்சபை அவர்களை மறைசாட்சிகள் என்கிறது. கேள்வியே இல்லாமல் கொடுத்த புனிதர் பட்டம் அது. ஏரோதும் ஒருவகையில் யார் என்று கேட்காதவன்தான். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் வெட்டு என்றான். கேட்காமல் இருப்பது மட்டும் அருளாகிவிடாது. கேட்காமல் வெட்டவும் முடியும், கேட்காமல் ஏந்தவும் முடியும். ஓவியன் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு முகம் கொடுத்திருக்கிறான். ராஜாக்களுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு. அந்த விலையுயர்ந்த நீலத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லத்துப் பிள்ளைகள் என்பது அப்புறம்தான் உறைத்தது. என் எரிச்சல் அடங்கிவிட்டது.

மொட்டைமாடி போல மேலே ஒரு திறந்த கூடம் இருக்கிறது. வெரோனே என்று பெயர். அந்தக் காலத்தில் இல்லத்துத் துணிகளையெல்லாம் அங்கேதான் உலர்த்துவார்கள். மறுவடிவமைப்பில் காபிக்கடை ஆக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மூத்திரத் துணி காய்ந்த இடத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். பேராலயத்தின் குவிமாடம் தெரிந்தது.

"எழுதியிருந்தா மட்டும் எல்லாம் சரியாயிருக்குமாம்மா?" என்றாள் மகள். "இங்க எழுதினவங்களும் கொடுமை பண்ணியிருக்காங்க." 1875இல் அந்த ஜன்னலை மூடினபோது கடைசியாக வந்த குழந்தைகளின் பெயர்களைப் படித்துக் காட்டினாள். ஒரு பிள்ளைக்கு உல்திமோ லசியாத்தி. கடைசியாக விடப்பட்டவன் என்று பொருள். ஒரு பெண்ணுக்கு லவுதாத்தா கியூசுரி. மூடியது போற்றுதற்குரியது என்ற அர்த்தம் தொனிக்கும் பெயர். யாரோ ஒரு குமாஸ்தாவின் குறும்பு, இரண்டு உயிர்கள் ஆயுள் முழுக்கச் சுமந்தன. இன்னொசெந்தி என்ற குடும்பப்பெயரும் தலைமுறை தலைமுறையாக ஓர் அடையாளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிய ஜன்னலுக்கு அடியில் பதித்த கல்வெட்டோ, கதவை அடைக்காத கருணையைப் பற்றிப் புகழ்ந்து பேசுகிறது.

அவள் சொல்வது சரிதான். எழுதும் கை ஆபீசுக்காகவும் எழுதும், பகடிக்காகவும் எழுதும். குழந்தைக்காக எழுத வேண்டும். அதுதான் வித்தியாசம். கேட்காத கை, நின்று அழுகிற தாயைப் பார்க்கிறது. எழுதும் கை, முப்பது வருஷம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கப்போகும் பெண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் ஒரே உடம்பில் இருந்தால்தான் அருள். தாயைக் கேட்காமல் இருப்பது சுலபம். நாமும் அப்படித்தான் பெருமைப்பட்டோம். வந்ததை வந்தபடி, கையில் கட்டியிருந்த நூல் வரைக்கும் எழுதிவைக்கத்தான் ராத்திரி இரண்டேகால் மணிக்குப் பொறுமை வேண்டும்.

இத்தாலியில் இன்றும் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று விட்டுப் போகலாம். அந்த ரகசியம் 100 வருஷத்துக்குப் பூட்டியிருக்கும். அப்படிப் பிறந்த ஒருவர் வழக்குப் போட, தாயின் ரகசியத்தை மட்டும் காத்துப் பிள்ளையின் கேள்விக்கு வழியே வைக்காதது தவறு என்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு இத்தாலியின் அரசியல் சட்ட நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. பிள்ளை கேட்டால், தாயிடம் யாருக்கும் தெரியாமல் போய், இன்னும் மறைந்தே இருக்க விருப்பமா என்று கேட்கலாம். அவள் ஆம் என்றால் அதோடு சரி. பட்டு வணிகர்கள் பாதிப் பதக்கத்தில் கண்டுபிடித்ததைத்தான் நீதிபதிகள் 500 வருஷம் கழித்துச் சட்ட மொழியில் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பாதி உன்னிடம், ஒரு பாதி என்னிடம். யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் எதையும் தூக்கி எறிவதும் இல்லை.

கட்டடம் இன்னும் வேலை செய்கிறது. 1988இலிருந்து யுனிசெஃபின் ஆய்வு மையம் இதில் இருக்கிறது. மழலையர் காப்பகமும், போக்கிடமில்லாத தாய்களும் பிள்ளைகளும் தங்கும் வீடும் இருக்கின்றன. கீழே முற்றத்தில் ஏதோ ஒரு குழந்தை பசியில் அழுதது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கிற அழுகை. அது இத்தாலியனிலும் அதேதான்.

மகள் தன் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். இது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, யாரையும் போய்ச் சேராது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் பழக்கம் விடவில்லை, கட்டம் போட்டுத்தான் எழுதினேன்.

வந்த நேரம்: அதிகாலை 2.15. பெண். எடை: 1.9 கிலோ. கொடி விழுந்திருந்தது. குழந்தையுடன் இருந்த பொருள்கள்: பழைய வாயில் புடவைத் துண்டு ஒன்று, நீலத்தில் வெள்ளைப் பூ. வசம்பு வளையல் ஒன்று, இடது கையில். கறுப்பு நூல், ஐந்து துண்டு. முடிச்சு இறுக்கமில்லை. கை வளரும் என்று இடம் விட்டுக் கட்டியிருந்தது.